டோப் பூசிய துணியில் வெண்படலம்: எங்கே தவறினோம்?

இறக்கைக்காரன், வெள்ளவத்தை (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். நண்பர்கள் மூவர் சேர்ந்து இரத்மலானையில் ஒரு வாடகைக் கொட்டகையில் டைகர் மொத் என்ற, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட பழைய விமானத்தின் முழு அளவு மாதிரியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பறப்பதற்கு அல்ல, காட்சிக்கு. ஆனாலும் மரச்சட்டம், துணி, தையல் எல்லாம் அசலில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே பிடிவாதம். 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானை விமானத்தளத்தில் முதன்முதலாகத் தரையிறங்கியது, மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் ஓட்டிவந்த புஸ் மொத். அதே டி ஹாவிலண்ட் குடும்பத்து விமானம் ஒன்று இந்த ஊரில் மீண்டும் உருவாக வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை இது.

வலப்பக்க எய்லரனை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதியை, முதலில் எடுத்தோம். டைகர் மொத்தில் எய்லரன் கீழ் இறக்கைகளில் மட்டும்தான் உண்டு. சிறியது, பழகுவதற்கு ஏற்றது. லினன் துணியைப் போர்த்தி, மெழுகு பூசிய நூலால் விலாக்கட்டைகளோடு சேர்த்துத் தைத்து, துணியை இறுக்கி விறைப்பாக்கும் பூச்சான நைட்ரேட் டோப் பூசினோம். முதல் இரண்டு பூச்சும் கண்ணாடிபோல் வந்தன. மூன்றாவதையும் நான்காவதையும் ஸ்ப்ரே செய்தோம். பத்து நிமிடத்தில் திட்டுத் திட்டாகப் பால் சிந்தியதுபோல் வெளுத்துவிட்டது. தெளிவான இடத்தில் விரலால் சுண்டினால் மேளம்போல் ஒலிக்கிறது. வெளுத்த இடத்தில் ஈரச்சாக்கைத் தட்டியதுபோல் ஒலி செத்துப்போகிறது. மூன்று வாரத் தையல் வேலை. துணியைக் கிழித்தெறிய மனம் வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

பழைய ஃபிட்டர், தெகிவளை (ஞாயிறு, இரவு 10.15)

தம்பி, கிழிக்க வேண்டாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் பூசினீர்கள்? அன்று மழை பெய்ததா? நான்கு பூச்சுக்கும் ஒரே தின்னரா? கம்பிரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்தீர்களா?

இறக்கைக்காரன்

ஐயா, வேலை முடிந்து வந்து மாலை ஆறரைக்குப் பூசினோம். மூன்று மணிக்கு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. டோப்போடு கப்பலில் வந்த தின்னர் இரண்டாவது பூச்சோடு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் சாதாரண தின்னர் வாங்கினோம். எதற்கும் ஆகும் என்றார்கள். தொட்டியை இப்போதுதான் திறந்து பார்த்தேன். அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது.

வேதியியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை (திங்கள், காலை 6.05)

உங்கள் டோப்பில் குற்றமில்லை. அந்த வெண்மை காற்றில் இருந்த தண்ணீர்தான். தின்னர் ஆவியாகும்போது துணியின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. கொழும்பில் 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. அதாவது பூச்சின் மேற்பரப்பு நான்கு பாகை குளிர்ந்தாலே போதும், குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல் அதன்மேல் நீர் படியும். அந்த நீர் பட்டதும் டோப்பில் கரைந்திருந்த நைட்ரோசெலுலோஸ் தயிர் திரிவதுபோல் திரிந்து வெளியே வந்துவிடும். திரிந்த படலத்தில் நுண்துளைகள் நிறைந்திருக்கும். அதற்குத் துணியை இழுத்துப் பிடிக்கும் வலு இல்லை. நீங்கள் கேட்ட செத்த ஒலிக்குக் காரணம் அதுதான்.

மலிவான தின்னர் வேகமாக ஆவியாகும். வேகம் கூடினால் குளிர்ச்சியும் கூடும். மழை ஓய்ந்த மாலைவேளை வேறு.

பொலிஷ் பட்டறை, மொறட்டுவை (திங்கள், காலை 8.30)

விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த வெளுப்பை அப்பா காலத்திலிருந்து பார்த்துவருகிறோம். அலுமாரிக்கு அடிக்கும் லெக்கரும் நைட்ரோசெலுலோஸ்தானே. மழைக்காலத்தில் ரிடார்டர் இல்லாமல் எங்கள் பட்டறையில் யாரும் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். அது மெதுவாக ஆவியாகும் கரைப்பான். தண்ணீர் முதலில் வெளியேறும்வரை படலத்தை இளக்கமாக வைத்திருக்கும்.

வெளுத்த பலகையை நாங்கள் மீட்பது இப்படி: வெயில் ஏறிய நண்பகலில், ஒரு பங்கு ரிடார்டரும் இரண்டு பங்கு நல்ல தின்னரும் கலந்து, தூரத்தில் நின்று பனித்தூறல்போல் மெல்லியதாக அடிப்போம். படலம் மீண்டும் இளகி, வெண்மை கண்முன்னே கரையும். துணிக்கு இது பொருந்துமா என்பதைப் பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

பழைய ஃபிட்டர்

பொருந்தும் தங்கச்சி. நாங்கள் செய்ததும் அதுவே. ஆனால் தம்பி, தூரிகையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள், இளகிய படலத்தை அது உழுதுவிடும். ஒரு தரம் அடித்து, காயவிட்டு, பார்த்துவிட்டு அடுத்தது. அவசரப்பட்டு நனைத்தால் அடிப்பூச்சும் கரைந்து துணி தொய்ந்துவிடும். இரண்டு முறை அடித்தும் போகாத இடம் இருந்தால், அதை நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் அரத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. காய்ந்த நைட்ரேட் டோப் வெடிபஞ்சுக்கு உறவு. தேய்ப்பதில் எழும் நிலைமின் பொறியே அதற்குப் போதும்.

வெண்மை போகும்வரை வெள்ளிப் பூச்சை நினைக்கவே வேண்டாம். அலுமினியத் தூள் கலந்த அந்தப் பூச்சு வெயிலிலிருந்து துணியைக் காப்பதற்கு. உங்கள் தவறையும் சேர்த்து மூடிவிடும், பிறகு ஒரு நாள் மொத்தமாக உரியும்.

புதியவன், கொட்டாவை (திங்கள், மதியம் 1.10)

கொட்டகையில் ஏசி போட்டுக்கொண்டு பூசினால் என்ன? ஈரப்பதம் தானாகக் குறையுமே.

பழைய ஃபிட்டர்

குறையும். ஆனால் டோப் ஆவி நிறைந்த அறையில் ஏசி, மின்விசிறி, சாதாரண சுவிட்ச் எதுவும் ஓடக்கூடாது. பூசுவதற்கு முன் இரண்டு மணி நேரம் ஏசியை ஓடவிட்டு அறையை உலர்த்துங்கள். பிறகு வெளியில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். நல்ல முகக்கவசம் அணியுங்கள், ஒருவர் கட்டாயம் வாசலில் நிற்க வேண்டும். துடைத்த துணிகளை மூலையில் குவிக்காமல் தண்ணீர் வாளியில் போடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பழைய கையேடுகள் டோப் பூச 60 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம் கேட்கின்றன. கொழும்பில் அது தானாக அமைவது அரிது. ஆகவே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்: மழையில்லாத நாளில் நண்பகல் முதல் இரண்டரை மணி வரை. சிறியதொரு ஈரமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

இறக்கைக்காரன் (அடுத்த ஞாயிறு, மாலை 5.20)

அனைவருக்கும் நன்றி. நேற்று செய்தோம்.

மொறட்டுவை அக்கா சொன்னபடி நல்ல தின்னரும் ரிடார்டரும் வாங்கினோம். கம்பிரசர் குழாயில் நீர்வடிப்பான் பொருத்தி, முதலில் காற்றை மட்டும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஊதிப் பார்த்தோம். துளி ஈரம் இல்லை. ஏசியை ஓடவிட்டு, நண்பகல் பன்னிரண்டரைக்கு ஈரமானி 58 காட்டியதும் மின்சாரத்தை அணைத்தோம். முதல் தூறலிலேயே ஓரத்திலிருந்து வெண்மை உள்நோக்கிச் சுருங்கியது. அதனடியில் லினனின் இழைகளும், நான் போட்ட முடிச்சுகளும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மூவரும் பேசவே இல்லை.

பின்விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் இரண்டாவது முறையும் போகவில்லை. அதை இன்று நீர்த்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத் தூரிகையால் புதிதாகப் பூசினோம். தெளிவாகக் காய்ந்திருக்கிறது. சுண்டிப் பார்த்தேன், மற்ற இடங்களின் அதே ஒலி.

ஐயா, வெள்ளிப் பூச்சுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

பழைய ஃபிட்டர்

தின்னர் வாசனை முழுவதும் போகும்வரை. மூக்கைத் துணியருகே வைத்துப் பாருங்கள். அதற்குள் இடப்பக்க எய்லரனைத் தைக்கத் தொடங்குங்கள். ஒரு சனிக்கிழமை நானே வந்து உங்கள் முடிச்சுகளைப் பார்க்கிறேன்.