விதை எங்கே பொறுக்கியது? காட்டுக் கொடி வளர்த்தவர்கள் எழுதுங்கள்

வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றில் இருக்கிறேன். நாங்கள் பிறந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்தில் அம்மா மரம் சீவிய நிரைக்குப் பின்னால் ஆற்றோரமாகக் காடு இருந்தது. கொடிகளின் மேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான். காட்டு விதை கொண்டுவந்து வளர்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். முளைத்ததா, என்ன கொடி என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், எங்கே ஏமாந்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் அனுபவம்.

ஏழு வருடத்துக்கு முன் மாமா பந்தாய் ரெமிஸ் கடற்கரையிலிருந்து ஒரு விதை பொறுக்கி வந்தார். உள்ளங்கையில் பாதியை அடைக்கும். பழுப்பு நிறம், எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. அதே மாதத்தில் எங்கள் ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் லாசா பக்கமிருந்து சந்தைக்கு வரும் தெமியார் பழங்குடி நண்பர் இன்னும் இரண்டு கொடுத்தார். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். அவர் 'பெலுரு' என்றார். அதன் பட்டையைத் தட்டித் தண்ணீரில் கசக்கினால் நுரை வருமாம், தலைக்குத் தேய்ப்பார்களாம். நமக்குச் சீயக்காய் போல. சீயக்காயும் மரமேறும் கொடிதானே.

முளைக்கப் போடுவதற்கு முன் மூன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கடற்கரை விதை மட்டும் மிதந்தது. மிதந்தால் பதர் என்றுதான் நமக்குப் பழக்கம். தூக்கி எறியப் போனவனை அம்மா தடுத்தார். "கடல்ல வந்தது மிதக்காம எப்படிப்பா வந்திருக்கும்?" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. இவை என்டாடா என்ற இனம். கடல்வழியே பரவும் என்டாடா விதைக்குள் இரண்டு பருப்புக்கும் நடுவில் காற்றுள்ள இடைவெளி இருக்கும். அந்தக் காற்றுதான் அதை மிதக்க வைத்துக் கரை சேர்க்கிறது. மிதந்தே வந்தாலும் உயிர் போவதில்லை.

வெறுமனே ஊறவைத்தால் ஒன்றும் நடக்காது, ஓடு அவ்வளவு கெட்டி. தொப்புளுக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே வாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு அழுகும். பிறகு ஓர் இரவு ஊறட்டும். காலையில் வீங்கியிருந்தால் மண்ணில் வைக்கலாம், வீங்காததை மறுபடி தேய்க்க வேண்டும். மூன்றும் முளைத்தன. ஆனால் முதலில் இலையே இல்லை. தண்டு மட்டும் சாட்டை மாதிரி ஒரு முழத்துக்கு மேல் போனது. பிழைக்காது என்றே நினைத்தேன். அப்புறம் இலை வந்தது. கூட்டிலை, அதன் நுனியில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்த பற்றுக்கம்பி. இனத்தை உறுதியாகச் சொன்னது அந்தக் கவட்டைதான்.

அதற்கு மேல் போக முடியவில்லை. உள்காட்டில் வளரும் என்டாடா ஸ்பைராலிஸின் காய் திருகு போல முறுக்கிக்கொள்ளும். கடலோர என்டாடா ரீடியின் காய் முறுக்காமல் நீண்டு தொங்கும். என் கொடிகள் இன்னும் பூக்கவில்லை. அதனால் அட்டையில் 'என்டாடா, பந்தாய் ரெமிஸ்', 'என்டாடா, லாசா' என்று மட்டும் எழுதி, பொறுக்கிய மாதத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். இணையத்துப் படத்தைப் பார்த்துப் பெயரை நிரப்பிவிடுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. நான் மாட்டேன். தப்பான பெயரோடு ஒரு விதை நாலு கை மாறிவிட்டால் பிறகு அதைத் திருத்தவே முடியாது.

* * *

அண்ணே, கடைசியாகச் சொன்னீர்களே, அது என் கையிலேயே நடந்தது.

நான் தோட்டத்து நாற்றங்காலில் பதினோரு வருடம் பை நிரப்பியவள். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூட மியூக்குனா பிராக்டியேட்டா போடுவோம். வடகிழக்கு இந்தியக் காட்டுக் கொடி அது, கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பழகி இங்கே வந்தது. விதையை நகவெட்டியால் ஓரம் கிள்ளிப் பைக்கு ஒன்றாக வைப்போம். வேலையை விட்ட பிறகு ஒருவர் 'காட்டில் எடுத்த மியூக்குனா' என்று ஒரு பிடி விதை தந்தார். வீட்டு வேலியில் போட்டேன். மூன்று மூன்றாக இலை, ஊதாப் பூ. அதேதான் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கன்று கொடுத்தேன்.

சில மாதத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிராக்டியேட்டா நம் ஊர்ச் சமவெளியில் காய்ப்பது அபூர்வம், அதனால்தான் விதையை வெளியே வாங்குகிறார்கள். நான் யோசிக்காமல் காயைப் பறித்தேன். கை இரண்டும் தீப்பிடித்தது போல அரிப்பு. அது பூனைக்காலி, மியூக்குனாவிலேயே வேறு வகை. காய் முற்றியதும் கொடியும் காய்ந்து செத்தது, பிராக்டியேட்டாவோ வருடக்கணக்கில் நிற்கும். கன்று வாங்கிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறும். சுணை பட்டால் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தெடுங்கள்.

* * *

கோலகங்சாரிலிருந்து எழுதுகிறேன். கெட்டி விதையைப் பற்றி நிறைய வந்துவிட்டது. காயவே கூடாத விதையும் உண்டு.

பிரம்பும் ஏறு கொடிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ரோத்தான் மானாவ் என்ற பிரம்பின் பழம் ஒரு பை கிடைத்தது. மிளகாய் காயவைப்பது போல முறத்தில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த முறை பழத்தோலையும் விதையைச் சுற்றிய சதையையும் அன்றைக்கே தேய்த்துக் கழுவி, ஈர மரத்தூளில் நிழலில் வைத்தேன். முளைத்தது. கன்றில் எல்லாப் பிரம்பும் ஒரே மாதிரி இருக்கும். ஏறத் தொடங்கிய பிறகு பாருங்கள். மானாவுக்கு இலையின் நுனியே நீண்டு முள்சாட்டையாகும். ரோத்தான் செமாம்பு என்ற இன்னொரு பிரம்புக்குச் சாட்டை இலையுறையிலிருந்து தனியாகக் கிளம்பும். தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

எங்கள் ஊர் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் 1877இல் நட்ட பால்மரம் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். 1876இல் பிரேசில் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனவை ஏறக்குறைய 70,000 விதைகள். முளைத்தவை 3,000க்கும் குறைவு. பால்மர விதையும் காய்ந்தால் செத்துவிடும். நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்ததே அந்தக் கொஞ்சத்தில் பிழைத்த மரங்களால்தான்.

காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். வெளியில் எடுத்தாலும் ஒரு கொடியின் பழம் முழுவதையும் வழிக்காதீர்கள்.

* * *

நானும் சுங்கை சிப்புட்தான் அண்ணே. என்னுடையது காட்டுப் பாகல். ஆற்றோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் முள்முள்ளாக ஒரு பழம், பறவை கொத்திப் பாதி போட்டிருந்தது. உள்ளே சிவப்புச் சதை, கறுத்த விதை, விளிம்பெல்லாம் செதுக்கியது போல. சீன மருந்துக்கடைப் பெரியவரிடம் காட்டினேன். பார்த்த உடனே 'மர ஆமை' என்று பொருள்படும் பெயர் ஒன்றைச் சொன்னார். ஆமை ஓடு மாதிரியேதான் இருக்கிறது. மொமோர்டிகா கொச்சின்சினென்சிஸ் என்று அப்படித்தான் பிடித்தேன்.

ஐந்து முளைத்தன. பந்தல் போட்டு இரண்டு வருடம் பார்த்தேன். நிறையப் பூ, பிஞ்சே இல்லை. கோவைக்காய் போல இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்று பிறகுதான் தெரிந்தது. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பாகல் போலப் புடைப்பு இருக்க வேண்டும். என் ஐந்திலும் இல்லை. ஐந்தும் ஆண். இடம் போதவில்லை, இந்த வாரம் வெட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

* * *

தம்பி, வெட்டாதீர்கள்! நீங்கள் சொல்லும் அதே இலை, அதே பூ. எங்கள் கோழிக்கூண்டின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. விதை போட்டது நான் இல்லை, பறவை எச்சத்தில் வந்திருக்க வேண்டும். அடியில் புடைப்பு இருக்கிறது, ஆனால் மூன்று நாளில் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். பூச்சி அரித்தது என்று இவ்வளவு நாளும் சாம்பல் தூவிக்கொண்டிருந்தேன். இன்று காலையில்கூட இரண்டு மொட்டு பார்த்தேன். பூ விரிகிற காலையில் நாலைந்து ஆண் பூவைக் காம்போடு கிள்ளி ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். நான் விடியற்காலையிலிருந்து வீட்டில்தான் இருப்பேன்.