இந்த வார வானிலை: வியாழன் சாயங்காலம் கவனம்

ஞாயிறு, மாலை 6:12

அண்ணன்: வார முன்னறிவிப்பு வந்திருச்சு. செவ்வாய் 36 டிகிரி, மழை இல்ல. வியாழனும் அதே 36, ஆனா மழை வாய்ப்பு 40%. பெரியப்பா, 40னா பாதிக்கும் கம்மிதானே? வராதுன்னு வச்சுக்கலாமா?

பெரியப்பா: அப்படி வச்சுக்காதப்பா. 40%னா உன் நிலம் இருக்கற இடத்துல அளக்கற அளவுக்காவது மழை விழ பத்துல நாலு வாய்ப்பு. எவ்வளவு பெய்யும், எவ்வளவு நேரம் பெய்யும்னு அந்த எண் சொல்லாது. கோடைத் தொடக்கத்து இடிமழையில ஒரு வயல்ல 40 மி.மீ. கொட்டும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி புழுதி அடங்காது.

அத்தை: ரெண்டு நாளும் ஒரே 36தானே அண்ணே. வியாழனுக்கு மட்டும் எப்படி இடி?

பெரியப்பா: பனிநிலையைப் பாரும்மா, காத்து எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தா பனி பிடிக்க ஆரம்பிக்கும்ங்கற எண் அது. செவ்வாய் 12, வியாழன் 20. காத்துல நெசமா எவ்வளவு ஈரம் இருக்குன்னு அதுதான் காட்டும். ஈரப்பத சதவீதம் ஏமாத்தும். வியாழன் காலையில 24 டிகிரியில 78%, மதியம் 36 ஆனதும் 39%. ஈரம் எங்கயும் போகல, காத்து சூடாச்சு, அவ்வளவுதான்.

பெரியப்பா: இன்னொண்ணு. ஒண்ணரை, ரெண்டு கிலோமீட்டர் உயரத்துல சூடான காத்து ஒரு மூடி மாதிரி உக்காந்திருக்கும். கீழ இருக்கற ஈரக்காத்து மேல ஏறப் பாக்கும், மூடி விடாது. நாள் முழுக்க சூடு சேர்ந்து சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கு மூடி உடைஞ்சா மொத்தமும் ஒரே மூச்சுல கிளம்பும். ஆலங்கட்டி, சூறைக்காத்து எல்லாம் அதுலதான். மூடி உடையலேன்னா ஒரு சொட்டும் கிடையாது. அந்த 40க்குள்ள இந்த ரெண்டும் இருக்கு.

சித்தப்பா: அப்ப மருந்து அடிக்கறதை புதன் சாயங்காலம் வச்சுக்கலாமா அண்ணே?

பெரியப்பா: வேணாம். செவ்வாய் காலையில முடிச்சிரு.

அண்ணன்: விடியறதுக்குள்ள அடிச்சா காத்தே இருக்காதே, அதுதானே நல்லது?

பெரியப்பா: அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. காத்தில்லாத விடியல்ல தரையை ஒட்டி குளிர்க்காத்து, அதுக்கு மேல சூடான காத்து. நுண்துளி கீழயும் இறங்காது, மேலயும் போகாது, அப்படியே நகர்ந்து பக்கத்து வயல்ல போய் உக்காரும். கொஞ்சம் புகை போட்டுப் பாரு. படுத்து நகர்ந்தா அடிக்காத. மேல ஏறிக் கலைஞ்சா அடிக்கலாம். சாயங்காலமும் பொழுது சாஞ்சா அதே கதைதான்.

சித்தப்பா: சரி, எத்தனை மணிக்கு?

பெரியப்பா: ஏழுல இருந்து எட்டே முக்கால். காத்து 5ல இருந்து 15 கி.மீ. வேகத்துக்குள்ள இருக்கணும். உலர் குமிழ் வெப்பமானி, ஈரத்துணி சுத்தின ஈரக் குமிழ் வெப்பமானி ரெண்டுக்கும் வித்தியாசம் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருந்தா நல்லது. செவ்வாய் ஏழு மணிக்கு 22, 16, வித்தியாசம் 6. ஒன்பதைத் தாண்டினா 9, 10ன்னு ஏறிடும், துளி இலையைத் தொடறதுக்குள்ள ஆவியாயிடும். மழைக்கு எத்தனை மணி நேரம் முன்னாடி அடிக்கணும்னு மருந்துச் சீட்டுல இருக்கும், படிச்சிரு.

அத்தை: தண்ணி பாய்ச்சறதை நிறுத்திடலாமா? மழைதான் வருதே.

சித்தப்பா: நிறுத்தாதீங்கக்கா. இந்த வெயிலுக்கும் காத்துக்கும் வளர்ந்த பயிர் நாளுக்கு 6 மி.மீ. குடிக்கும். ஒரு மி.மீ.ன்னா ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர், அப்ப 24,000 லிட்டர். 10 மி.மீ. பெஞ்சாலும் ரெண்டு நாளைக்குக்கூட காணாது. அதுவும் இருபது நிமிஷத்துல கொட்டினா பாதி ஓடிடும். புதன்கிழமை பாதி அளவு விடுங்க. முழுசா நனைச்சுட்டா சூறைக்காத்துல பயிர் வேரோட சாயும்.

அத்தை: சரி தம்பி. மாட்டுக்கு?

பெரியப்பா: புதன், வியாழன் ராத்திரிதான் கஷ்டம். பனிநிலை 20ல இருந்தா ராத்திரி வெப்பம் அதுக்குக் கீழ போறது அபூர்வம். மாடு பகல்ல வாங்கின சூட்டை ராத்திரிதான் இறக்கும். தொட்டி காலியாகக் கூடாது. நல்லா பால் கறக்கற மாடு 100 லிட்டருக்கு மேலயும் குடிக்கும்.

அண்ணன்: இடி வந்தா எப்ப வேலையை நிறுத்தணும்?

பெரியப்பா: மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடின்னா 10 கிலோமீட்டர்ல இருக்கு. அப்பவே உள்ள போயிடணும். உண்மையைச் சொன்னா இடி காதுல விழுந்தாலே போயிடுங்க, மழைக்கு ரொம்ப முன்னாடியே மின்னல் இறங்கும். கடைசி இடிக்கு அப்புறம் முழுசா 30 நிமிஷம் வெளிய வரக்கூடாது. தனி மரம், கம்பி வேலி, திறந்த கொட்டகை மூணும் ஆபத்து. கதவு மூடின வண்டி பரவாயில்ல. திடீர்னு சில்லுனு காத்து அடிச்சா புயல் முன்னாடி தள்ளற காத்து அது, உங்களுக்கு சில நிமிஷம்தான் இருக்கு.

சித்தப்பா: மோட்டார் இணைப்பை வியாழன் மதியமே பிடுங்கிடறேன். தார்ப்பாயும் கட்டிடறேன். வெள்ளி?

பெரியப்பா: காத்து திசை மாறி 29க்கு இறங்குது. வேற கவலை இல்ல. வியாழன் காலை வானிலை பலூன் மேல போய் அளந்த தரவு வந்ததும் மூடி எவ்வளவு பலமா இருக்குன்னு பார்த்துட்டு இங்க போடறேன். அதுவரைக்கும் அறுத்த புல்லை வெளிய காயப்போடாதீங்க.

அத்தை: சரிண்ணே. நாளைக்கே வாரி உள்ள வச்சிடறேன்.