ஏலகிரி சுவாமிமலை ஏற்றம், அப்புறம் கோவளத்தில் கயாக் (சின்னத் துடுப்புப் படகு): விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. காட்பாடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்பறோம். சனிக்கிழமை காலை ரயில்ல ஜோலார்பேட்டை, அங்கிருந்து ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுல யாருக்கெல்லாம் தலை சுத்தும்னு இப்பவே பந்தயம் ஓடுது.

சுவாமிமலை உச்சிக்கு நடக்கணும். 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு அனுமதியில்லாம மலையேறுற பேச்சுக்கே இடமில்ல. இதுக்கு வனத்துறையோட ஆன்லைன் பதிவு போதுமா, இல்ல திருப்பத்தூர் ஆபீசுக்கு நேர்லயே போகணுமா? வழிகாட்டி அவங்களே தருவாங்களா? கூட பத்து வயசுப் பையனும், முட்டிவலி உள்ள எங்க சித்தப்பாவும் வர்றாங்க. வேணாம்னா கேட்கிற ஆளில்ல அவர். பாறை வழுக்குற இடம் எதுன்னு ஏறிப் பார்த்தவங்க சொன்னா நல்லது. வழியில தண்ணி கிடைக்குமா, முழுசும் சுமந்துதான் போகணுமா?

ஞாயிறு கோவளம் இல்லைன்னா முட்டுக்காடு. பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. வேலூர்க்காரங்க, பாலாத்துல தண்ணி ஓடுனாலே வேடிக்கை பார்க்கப் போறவங்க நாங்க! லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போட்டுவிட்டு, கூடவே ஆள் வந்து துடுப்புப் போடச் சொல்லித்தர்ற இடம் எது? கடலா, கழிமுகமா, புதுசா வர்றவங்களுக்கு எது சரி?

ஏலகிரியிலிருந்து ராத்திரியே சென்னைப் பக்கம் போக வேன் வாடகை எவ்வளவு ஆகும்னும் சொல்லுங்க.