அந்தப் படத்துக்கு அக்கா மகனைக் கூட்டிப்போனேன்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை. போதையில் விழுந்த காலேஜ் பையன்கள் படம். பொள்ளாச்சியில், ஞாயிறு மாலைக் காட்சி. அக்கா மகனுக்கு 19 வயது. மாத்திரைப் பழக்கத்தை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. டிக்கெட் போட்டதே அவன்தான். "நம்ம கதை மாதிரி இருக்குமாம் மாமா" என்றான்.

இடைவேளை வரை சரி. அப்புறம் படத்தில் வரும் பையனின் அப்பா மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். பின்னால் வயலின். இந்தத் தலைமுறைக்கு நன்றி இல்லை, பயம் இல்லை, கையில் போன் மட்டும்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அதுவரை குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவன், "தண்ணி வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்தான். வரவேயில்லை.

தேடிப்போனால் வண்டி ஸ்டாண்டில், என் பைக் மேல் உட்கார்ந்திருக்கிறான். ஹெல்மெட் மாட்டி, கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தான். "முடிஞ்சுதா மாமா?" என்று கேட்டான். அவ்வளவுதான். கோபாலபுரம் தாண்டி வீடு வரும்வரை பேச்சில்லை.

விட்ட முதல் வாரம் அவனுக்குத் தூக்கமே கிடையாது. அக்கா விடிய விடிய அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டரை மணி நேரப் படத்தில் அந்த மாதிரி ஒரு ராத்திரி இல்லை. யாரும் அந்தப் பையனிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் நல்ல பையன், கடைசியில் பிணம்.

நகரி நெசவாளி:
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எனக்கு அந்தப் படம் தேவைப்பட்டது. பவர்லூமில் என்னோடு ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பையனைக் கூட்டிப்போனேன். அந்தப் பிணவறைக் காட்சியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், நகம் பதிந்துவிட்டது. வெளியே வந்ததும் பாக்கெட்டில் இருந்த பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டான். நானே பார்த்தேன். பயம் காட்டினால்தான் சில பேருக்கு ஏறும். உங்கள் மருமகன் ஏற்கெனவே விட்டவன். படம் அவனுக்காக எடுத்ததில்லை.

களியக்காவிளை டீச்சர்:
நகரி தம்பி, அந்தப் பையன் அடுத்த மாதமும் வாங்காமல் இருந்தானா? அதையும் எழுதுங்கள்.

பயம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏறவில்லை, அப்பாமாருக்கும் ஏறியது. படத்தில் கெட்டுப்போகிறவனுக்கு நீள முடி, காதில் கடுக்கன். என் பிளஸ் டூ வகுப்பிலும் நீள முடி வைத்த ஒருவன் உண்டு. பீடிகூடத் தொட்டதில்லை, நன்றாகப் படம் வரைவான். குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் தொப்பி போட்டு வந்தான். கழற்றச் சொன்னேன். மொட்டை. அப்பாவே சலூனில் உட்காரவைத்து எடுத்திருக்கிறார். ஏன் கழற்றச் சொன்னோம் என்று இன்னும் தோன்றுகிறது. வகுப்பே பார்த்தது. அதற்கப்புறம் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

புளியரை நர்ஸ்:
நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். சிகிச்சை மையத்தை ஜெயில் மாதிரி காட்டினார்கள், கட்டிலில் கட்டிப்போட்டு. வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு அது தாங்கவில்லை.

படம் சொல்லாததை நான் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்துதான் பெற்றோர் பிள்ளையை மறைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் மீது உபயோகித்ததற்கோ, சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். பெரிய அளவில் விற்கிறவர்களுக்கு இது பொருந்தாது.

அடுத்தது, வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்தாதீர்கள். குடியையும் தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குக் கலால் துறையின் போதை மீட்புத் திட்டமான விமுக்தி இருக்கிறது, எண் 14405. மறுபடியும் ஒருமுறை தொட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று கத்தாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்குவது மாதிரி இதுவும் ஏறி இறங்கும், திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நகரி நெசவாளி:
டீச்சரம்மா, மறுபடி வாங்கினானா என்று எனக்குத் தெரியாது. ஷிப்ட் மாறிப் போய்விட்டான். நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நர்ஸம்மா, எண்கள் இரண்டையும் குறித்துக்கொண்டேன். நகரி தம்பி, கோபமில்லை. ஆனால் விட்டவனும் அதே தியேட்டரில்தானே உட்கார்ந்திருக்கிறான்? அந்தக் கைதட்டல் அவன் காதிலும்தானே விழுகிறது?

அந்தப் படத்தைப் பற்றி அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.