ஏற்காடு பக்கம் செங்காந்தள் பூத்திருக்கிறதா?

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு நாட்டின் சின்னங்களையும் மாநிலச் சின்னங்களையும் ஒரே மேசையில் வைக்கப் போகிறார்கள். தாமரை பூக்கடையில் கிடைத்துவிடும், ஆலம் விழுதுக்கும் பஞ்சமில்லை. செங்காந்தள்தான் சிக்கவில்லை. இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றி ஏறுமே, இதழ் மஞ்சளில் தொடங்கிப் போகப்போகச் சிவக்குமே, அந்தக் கண்வலிக்கிழங்குக் கொடிதான். கிழங்கு கொடிய நஞ்சு, அதனால் யாரும் தோண்டித் தர வேண்டாம். படம் எடுக்க இடம் சொன்னால் போதும். அடிவாரத்திலிருந்து ஏறும் மலைப்பாதையிலோ குப்பனூர் வழியிலோ யாராவது பார்த்தீர்களா?

அப்புறம், 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் சேர்வராயன் மலையில் தென்படுமா? மரகதப்புறா படம் வைத்திருப்பவர்களும் அனுப்புங்கள். இணையத்தில் சுட்ட படம் கூடாதென்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.