மரத்தூள்ல சர்க்கரையே வரமாட்டேங்குது, அவசரம்

கிண்டி கார்த்தி:
வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ. மரத்தூளை ஆசிட்ல ஆட்டோகிளேவ் பண்ணி செல்லுலேஸ் (செல்லுலோஸை சர்க்கரையா உடைக்கற என்சைம்) போட்டு மூணு நாள் ஷேக்கர்ல வச்சாச்சு, டிஎன்எஸ் டெஸ்ட்ல (சர்க்கரை இருந்தா ஆரஞ்சா மாறணும்) மஞ்சளாவே நிக்குது, அதே என்சைம் ஃபில்டர் பேப்பர்ல நல்லா வேலை செய்யுது. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

அகிலா:
என்ன மரம்? ஆசிட் எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி? கழுவினீங்களா, பிஎச் பார்த்தீங்களா?

மாதவரம் ரவி:
ப்ரோ பீட்டா குளுக்கோசிடேஸ்னு இன்னொரு என்சைம் சேருங்க, அது கம்மியா இருந்தா செல்லோபயோஸ் (பாதி உடைஞ்ச ரெட்டைச் சர்க்கரை) தேங்கி என்சைமையே அமுக்கிடும்

பழைய கெமிஸ்ட்:
ரவி தம்பி, எதுக்கெடுத்தாலும் உனக்கு அதே மருந்துதான். செல்லோபயோஸ் தேங்கியிருந்தா டிஎன்எஸ்ல கொஞ்சமாவது கலர் வந்திருக்கும். இந்தப் பையன் முதல்ல லிக்னின் (மரத்துல செல்லுலோஸைச் சுத்திப் பசை மாதிரி மூடியிருக்கறது) பத்திப் படிச்சுட்டு வரட்டும்.

கிண்டி கார்த்தி:
சல்ஃப்யூரிக் 1%, 121 டிகிரி, ஒரு மணி நேரம். கழுவிட்டு 105 டிகிரி ஓவன்ல ராத்திரி முழுக்க காயவச்சு அரைச்சேன். என்ன மரம்னு தெரியல, மூலக்கடை பக்கம் ஒரு மரவாடில அள்ளினது, பாதி பேக்கிங் பெட்டி பைன்னு சொன்னாங்க

அகிலா:
காயவச்சதுதான் எனக்கு இடிக்குது. ஆசிட்ல ஹெமிசெல்லுலோஸ் (செல்லுலோஸோட சேர்ந்திருக்க, சுலபமா கரையற பகுதி) கரைஞ்ச இடத்துல குட்டிக் குட்டித் துளை திறக்கும், என்சைம் அது வழியாதான் உள்ள போகணும், சூட்டுல தண்ணி வெளியேறும்போது நார் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி துளை மூடிடும், மறுபடி நனைச்சாலும் முழுசா திறக்காது. ஈரமாவே போடுங்க, துளியூண்டு மட்டும் தனியா காயவச்சு ஈரப்பதம் கணக்கு பண்ணிக்கோங்க. கழுவின தண்ணி நியூட்ரலாகணும், அப்புறம் சிட்ரேட் பஃபர் (பிஎச் மாறாம பிடிச்சு வைக்கற கரைசல்) பிஎச் 4.8, 50 டிகிரி. பைனுக்கு 121 பத்தாது, லிக்னினும் ஜாஸ்தி, பொதுவா 160க்கு மேலதான் போவாங்க. ஆட்டோகிளேவ் மட்டும்தான் இருக்குன்னா சவுக்குத்தூள் தனியா வாங்குங்க.

மாதவரம் ரவி:
சவுக்கு எதுக்கு, சீமைக்கருவேலம் எடுங்க, ஹைகோர்ட்டே அகற்றச் சொன்ன மரம்

பழைய கெமிஸ்ட்:
அந்த முள்ளை வெட்டி லாரில ஏத்தி கொண்டுவர செலவு யார் தருவா? ஆலை வாசல்லயே கரும்புச்சக்கை குவிஞ்சு கிடக்கு.

மாதவரம் ரவி:
அந்தச் சக்கையை ஆலைக்காரங்களே பாய்லர்ல எரிச்சு கரண்ட் எடுக்கறாங்க சார், சும்மா யார் தருவாங்க? ராமநாதபுரத்துல கருவேலம்தான் கரியாகி மூட்டை மூட்டையா போகுது, அந்த விறகுல கொஞ்சம் இதுக்கு வந்தா என்ன

அகிலா:
ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. கார்த்தி, ஆட்டோகிளேவ்ல வடிச்ச ஆசிட் தண்ணியை கொட்டிடாதீங்க. ஹெமிசெல்லுலோஸ் உடைஞ்சு வந்த சைலோஸ்ங்கற சர்க்கரை அதுலதான் இருக்கும், நியூட்ரல் பண்ணி அதையும் டிஎன்எஸ்ல பாருங்க.

கிண்டி கார்த்தி:
ஈரமா போட்டேன் அக்கா, ஆரஞ்சு வந்துடுச்சு!! வடிச்ச தண்ணில இன்னும் நல்லா வருது. சவுக்கு நாளைக்கு