வியாழன் ராத்திரி ஸ்டாப்லாஸை மட்டும் தட்டிவிட்டுப் போகிறது, யார் செய்கிற வேலை?

குலசேகரம் ரப்பர்:
வணக்கம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கணக்கு முடித்த பிறகு எம்சிஎக்ஸ் என்கிற பொருள் சந்தையில் நேச்சுரல் கேஸ் ஒரு பெரிய லாட் எடுப்பது வழக்கம். மற்ற நாள் பரவாயில்லை. வியாழக்கிழமை எட்டு மணி ஆனதும் சார்ட்டில் ஒரே கேண்டில் கீழே குத்தி ஸ்டாப்லாஸை (நஷ்டம் ஏறாமல் இருக்க, குறித்த விலை வந்ததும் தானாக விற்கப் போடுகிற ஆர்டர்) தட்டிவிட்டு, அப்புறம் நான் நினைத்த பக்கமே ஏறிப் போகிறது. போன வாரம் இன்னும் மோசம். 300க்கு வாங்கி ஆர்டர் கிளம்புகிற விலையான ட்ரிகர் 298.50, விற்கச் சம்மதிக்கிற கடைசி விலையான லிமிட் 298.40 என்று வைத்திருந்தேன். விலை ஒரே பாய்ச்சலில் 297க்குப் போனது. ஆர்டர் விற்காமல் அப்படியே நின்றது. கடைசியில் 294க்கு நானே விற்று வெளியே வந்தேன். புரோக்கர் நம் ஸ்டாப்லாஸைப் பார்த்து அடிக்கிறானா? பேசாமல் ஸ்டாப்லாஸே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பார்வதிபுரம் பையன்:
சிஸ்டத்தில் போடாதீங்க அண்ணே. மனசுக்குள் ஒரு விலை வைத்துக்கொள்ளுங்கள், அது வந்தால் கையால் விற்றுவிடுங்கள். யார் கண்ணிலும் படாது.

மார்த்தாண்டம் ஹார்டுவேர்:
தம்பி, மனசுக்குள் வைக்கிற ஸ்டாப்லாஸ் குலசேகரத்துக்கு ஒத்துவராது. அங்கே சாயங்காலம் இடி இடித்தால் முதலில் போவது கரண்ட், பின்னாலேயே நெட். எனக்கு இங்கே மேம்பாலத்துக்குக் கீழே நெட் நன்றாகவே இருக்கிறது, ஆனால் சரியான நேரம் பார்த்து ஒருத்தர் வந்து முக்கால் இஞ்ச் எல்போ கேட்பார்.

ரப்பர்கார அண்ணே, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் எவ்வளவு கேஸ் இருப்பு இருக்கிறது என்ற கணக்கை அவர்கள் அரசின் எரிசக்தித் தகவல் அமைப்பான இஐஏ வாரம்தோறும் வியாழக்கிழமை காலை 10.30க்கு வெளியிடுகிறது. நமக்கு அது ராத்திரி 8 மணி. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பெரிய ஆட்கள் போட்ட ஆர்டர்களை வாபஸ் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். தோவாளைப் பூச்சந்தையில் வரத்து குறைந்த காலையில் ஒரே வியாபாரி நாலு கூடை கேட்டாலும் பிச்சி விலை எகிறுமே, அதே கதைதான். உங்கள் ஒரு லாட்டைத் தேடிப்பிடித்து அடிக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்றரை ரூபாய் தள்ளி ஸ்டாப்லாஸ் வைத்தால் அந்த நேரத்துச் சாதாரண ஆட்டமே அதைத் தட்டிவிடும்.

ஆர்டர் ஏன் நின்றது என்றால், உங்கள் ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவில் பத்தே பைசா. ட்ரிகர் தட்டியதும் "298.40க்குக் கீழே விற்க மாட்டேன்" என்கிற ஆர்டர்தான் சந்தைக்குப் போகிறது. அதற்குள் விலை 297. யார் வாங்குவார்கள்? லிமிட்டை 296.50 என்று வைத்திருந்தால் 297 பக்கம் விற்றிருக்கும். லிமிட் 296.50 என்பதற்காக அந்த விலைக்கே விற்றுவிடும் என்று பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் கிடைக்கிற நல்ல விலைக்குத்தான் போகும்.

இனி முக்கியமான விஷயம். பெரிய லாட் 1250 யூனிட். ஒன்றரை ரூபாய் ஸ்டாப்லாஸ் என்றால் போவது 1,875 ரூபாய். மினி லாட் 250 யூனிட். அதில் ஆறு ரூபாய் தள்ளி வைத்தாலும் போவது 1,500தான். நாலு மடங்கு இடம், செலவு குறைவு. நான் பதினைந்து நிமிடச் சார்ட்டில் ஏடிஆர் (விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) பார்த்து, அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் ஸ்டாப்லாஸ் வைப்பேன். எத்தனை லாட் என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்வேன். நம் ஆட்களில் பாதிப்பேர் லாட்டை முதலில் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற தைரியத்துக்கு ஏற்ப ஸ்டாப்லாஸ் போடுகிறார்கள்.

ஸ்டாப்லாஸ் போட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரல் 20 ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கால் எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்த சமயம். ராத்திரி நியூயார்க்கில் குரூட் ஆயில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. இங்கே கணக்கு முடித்தது பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய்க்கு. மூடிய சந்தையில் எந்த ஸ்டாப்லாஸ் வேலை செய்யும்? அன்று கொஞ்சமாக வைத்திருந்தவர்கள்தான் தாங்கினார்கள்.

குலசேகரம் ரப்பர்:
மினிக்கு மாறினால் லாபமும் கம்மிதானே அண்ணாச்சி?

மார்த்தாண்டம் ஹார்டுவேர்:
கம்மிதான். ஐந்தில் ஒரு பங்கு. அது போதாது என்று தோன்றினால் வியாழன் ஒருநாள் மட்டும் 7.45க்குள் வெளியே வந்துவிடுங்கள், 8.15க்குப் பிறகு சார்ட்டைத் திறங்கள். ஷட்டர் போடுகிற நேரமும் அதுதானே.

பார்வதிபுரம் பையன்:
எட்டு மணி வருஷம் பூராவுமா? போன டிசம்பரில் 9 மணிக்கு ஆடிய மாதிரி நினைவு.

மார்த்தாண்டம் ஹார்டுவேர்:
சரியாகப் பிடித்தாய் தம்பி. அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நமக்கு 9 மணி. வியாழன் அவர்களுக்கு லீவு என்றால் கிழமையும் மாறும், அந்த வாரம் மட்டும் இஐஏ தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.